சத்தத்தைக் கேட்ட பிறகே ஸ்பேனரை எடுக்கும் சைக்கிள் கடை

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. புதுச்சேரி முதலியார்பேட்டையில், கடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருக்கிறது. ஒரு வேப்பமரமும் அதன் கிளையில் தொங்கும் இரண்டு பழைய டயர்களும்தான் அடையாளம். பத்தடிக்குப் பத்தடி இருந்தால் அதிகம். இரண்டு மாதத்துக்குள் நான்கு தடவை அங்கே போய் வந்துவிட்டேன். என் சைக்கிளில் வந்த ஒரு சத்தத்தை ஊரில் வேறு யாரும் நம்பாதபோது நம்பி, தேடி, எடுத்துக் காட்டியவர் அந்தக் கடைக்காரர். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 22 இஞ்ச் கறுப்புச் சைக்கிள். 1996-இல் தீபாவளி போனஸில் வாங்கியது. பிரேமில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ உரிந்துவிட்டது. அரியாங்குப்பத்தில் இருக்கிறேன். காலையில் பேத்தியைப் பின்னால் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவது, சாயங்காலம் அழைத்து வருவது, நடுவில் மார்க்கெட், பால், மருந்துக் கடை என்று எல்லாமே இந்த வண்டியில்தான்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அன்றைய மழை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். அரிசி மூட்டை, பிள்ளையின் புத்தகம், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். சைக்கிள் வாசலிலேயே நின்றது. ஒன்றரை நாள் மிதிக்கட்டை முழுகத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, வெயிலில் நிறுத்தினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் பேத்தி சொன்னாள்: "தாத்தா, நீ மிதிக்கும்போது ஆயா பாக்கு வெட்டுற மாதிரி சத்தம் வருது."

எனக்குக் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் பஞ்சாலையில் விசைத்தறி ஓட்டியவன் நான். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். அப்படி வேலை செய்த காதில் முதலில் மங்குவது மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான். பஸ் ஹார்ன் கேட்கும், கோயில் மேளம் கேட்கும், பாக்குவெட்டி கேட்காது. ஆனால் இரண்டு வாரத்தில் அந்தச் சத்தம் எனக்கும் வந்து சேர்ந்தது, உள்ளங்கால் வழியாக. அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது செருப்பைத் தாண்டி 'டிக்' என்று ஒரு துடிப்பு. எங்கள் பக்கம் முழுக்கச் சமதரை. மேடு என்றால் பாலம் மட்டும்தான். அந்த மேட்டில்தான் அது நன்றாகத் தெரிந்தது.

முதலில் போனது வேறொரு கடை. டவுனில், கண்ணாடி போட்ட பெரிய கடை. பெயர் வேண்டாம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கையால் மிதியைச் சுற்றிப் பார்த்தார்கள். "சத்தமே இல்லையே பெரியவரே" என்றார்கள். பிறகு சீட்டு ஸ்பிரிங்காக இருக்கும் என்று 450 ரூபாய்க்குப் புதுச் சீட்டு. அடுத்த வாரம் செயின் 320, மிதிக்கட்டை ஜோடி 280, கூலி 100. மொத்தம் 1,150 ரூபாய். புதுச் சீட்டு, புதுச் செயின், புது மிதிக்கட்டை எல்லாம் போட்டுக்கொண்டு பாலம் ஏறினேன். அதே 'டிக்'. திரும்பிப் போய்ச் சொன்னபோது பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே யாரும் ஒரு தடவைகூட வண்டியில் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் மனசுக்கு ஆறவில்லை.

இந்த வேப்பமரத்துக் கடையைச் சொன்னது பால் போடும் பையன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் போனபோது பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எப்போ வருதுண்ணே?" என்று கேட்டார்.

"மேடு ஏறும்போது."

"மிதிக்காம சும்மா உருட்டிக்கினு போகும்போது?"

"இல்லை."

"எழுந்து நின்னு மிதிச்சா?"

அதை நான் பார்த்ததில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று தெருமுனை வரை அனுப்பினார். நின்று மிதித்தேன்; அப்போதும் வந்தது. அப்படியானால் சீட்டு இல்லை. 450 ரூபாய்க்கான பதில் அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அடுத்து, மிதியைப் பின்பக்கமாகச் சுற்றச் சொன்னார், சத்தம் இல்லை. இடது காலால் மட்டும் மிதிக்கச் சொன்னார், பிறகு வலது காலால் மட்டும். இரண்டிலும் வந்தது, இடதில் கொஞ்சம் அழுத்தமாக.

அவர் போட்ட கணக்கை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "மிதி ஒரு சுத்து வர்றதுக்குள்ள ரெண்டு மூணு தட்டு வந்தா சக்கரத்துல பாக்கணும். ரெண்டு மூணு சுத்துக்கு ஒரு தட்டு வந்தா செயின்ல எங்கியோ ஒரு கண்ணி இறுகியிருக்கும். சுத்துக்கு ஒண்ணு கணக்குல வந்தா மிதி, காட்டர் பின்னு, பிபி அச்சு, இந்த மூணுல ஒண்ணு." மிதிக்கட்டையைத் தாங்கும் கைதான் கிராங்க்; அதை நடு அச்சோடு பிணைக்கும் ஆணி காட்டர் பின்; அந்த அச்சு சுழலும் கூடுதான் பிபி. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். என் வண்டியில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். மிதி ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். செயினில் 112 கண்ணி. அது ஒரு முழு வட்டம் வர மிதி இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்ற வேண்டும். அவர் சொன்னது அப்படியே பொருந்தியது.

இது எனக்குப் புது விஷயம் இல்லை. விசைத்தறியில் மேலே கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஊடை, அதாவது ஒரு குறுக்கு நூல், விழும். கீழே இருக்கும் பாட்டம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றும். ஊடைக்கு ஒரு தட்டு வேண்டாத சத்தமாகக் கேட்டால் மேலே பார்ப்போம். ஒன்று விட்டு ஒரு ஊடைக்குக் கேட்டால் கீழே குனிவோம். தறியை நிறுத்துவதற்கு முன்பே எந்தப் பக்கம் கையை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த மாதிரி யோசிக்கிற ஒருவரை ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன். அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் வேலையை ஆரம்பித்தார். இடது மிதிக்கட்டையைக் கழற்றி, கடையில் கிடந்த பழைய மிதிக்கட்டை ஒன்றை மாட்டி ஓட்டச் சொன்னார். இடது மிதிக்குத் திருகு மரை தலைகீழ்; வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தெரியாமல் பலம் போட்டால் கிராங்கில் இருக்கும் மரை போய்விடும். மிதியை மாற்றியும் சத்தம் நிற்கவில்லை. வலதிலும் அப்படியே.

காட்டர் பின்னுக்கு அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. கிராங்க் முகத்திலும் அதன் நடுவில் தெரியும் அச்சு முனையிலும் சேர்த்து ஒரு ஆணியால் நேர்க்கோடு கீறினார். இரண்டு பக்கமும். "பாலம் ஏறி எறங்கிட்டு வாங்க" என்றார். பின் தேய்ந்து கிராங்க் அச்சின் மேல் நழுவினால் அந்தக் கோடு முறிந்து இரண்டாகத் தெரியும். போய்விட்டு வந்தேன். முருங்கப்பாக்கம் தாண்டிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று. கோடு நேராகவே இருந்தது. பின் கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம். மிச்சம் இருந்தது அச்சு.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் உடனே பிரித்திருப்பார். அவர் இன்னொரு தடவை சரிபார்த்தார். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பின் பிரேக்கை லேசாகப் பிடிக்கச் சொல்லிப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டு, கையால் மிதியை அழுத்திச் சுற்றினார். பெரிய கடையில் சும்மா சுற்றியபோது ஏன் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பாரம் இல்லாமல் சுற்றினால் இந்தச் சத்தம் எழாது. பிரேக் பிடித்து மிதிக்கு வேலை வைத்தால், நின்ற இடத்திலேயே மேடு ஏறுகிற மாதிரி. நீளத் திருப்புளியின் நுனியை பிபி கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார்.

எனக்குக் காது மந்தம் என்று சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து மூன்று விரலைக் கூட்டின் அடியில் வைத்தார். மறுபடி சுற்றினார். விரல் நுனியில் தெரிந்தது: மொறுமொறுவென்று ஒரு நரநரப்பு, நடுவே 'டிக்'. மறுபடி 'டிக்'. "ஒரே எடத்துல வருதா பாருங்கண்ணே" என்றார். மிதியைப் பார்த்துக்கொண்டே விரலால் கவனித்தேன். ஒரு தடவை இடது மிதி கீழே இருக்கும்போது வந்தது, அடுத்த தடவை கொஞ்சம் முன்னால், அடுத்த தடவை வரவேயில்லை. "எப்பவும் ஒரே எடத்துல வந்தா பின்னு. எடம் மாறி மாறி வந்தா குண்டு" என்றார்.

காரணம் இதுதான். அச்சு ஒரு முழுச் சுற்று சுற்றும்போது, அதற்கும் கப்புக்கும் (கூட்டின் இரண்டு முனையிலும் திருகியிருக்கும் கிண்ணம்) நடுவே உருளும் பேரிங் குண்டுகள் பாதிச் சுற்றுக்கும் குறைவாகத்தான் நகரும். அதனால் கெட்ட குண்டு ஒவ்வொரு மிதிக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அதன் மேல் பாரம் விழுகிற நேரத்தில் மட்டும் தட்டும். எங்கள் பாட்டம் ஷாஃப்ட் மாதிரியேதான். எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றால் மிகையில்லை.

பிரித்தார். காட்டர் பின்னின் நட்டைக் கழற்றி, கிராங்குக்கு அடியில் ஒரு கனத்த இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சுத்தியலால் அடித்தார். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடி முழுக்கக் குண்டுகள் மேலும் கப்பின் மேலும் போய் விழும், நல்ல கப்பும் குழி விழுந்துவிடும். இதைச் செய்கிறாரா என்று பார்த்தாலே ஒரு மெக்கானிக்கைத் தெரிந்துகொள்ளலாம். இடது கப்பைக் கழற்றி ஒரு தட்டில் கொட்டினார். பக்கத்துக்குப் பதினொரு கால் இஞ்ச் குண்டுகள் இருக்க வேண்டும். பத்து முழுசாக விழுந்தன. பதினொன்றாவது இரண்டு பிளவாக விழுந்தது, துவரம்பருப்பை உடைத்த மாதிரி. கிரீஸ் இருந்த இடத்தில் காவி நிறத்தில் துருச்சேறு. கூட்டின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சின்ன ஓட்டை மண்ணால் அடைத்துக்கொண்டிருந்தது. புயலில் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மூன்று மாதம் அங்கேயே இருந்திருக்கிறது. நான் வெளியே துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

அந்த உடைந்த குண்டைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். பேத்தியிடம் காட்டினேன். அவள் ஜாமெட்ரி பாக்ஸில் இன்னும் இருக்கிறது.

வலது கப்பு துருவில் இறுகி அசையவில்லை. நம் ஊர் சைக்கிள்களில் அந்தப் பக்கக் கப்புக்கும் மரை தலைகீழ்தான். அதைத் திருப்பிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். அவருடைய அப்பாவும் சைக்கிள் மெக்கானிக். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பிரான்ஸிலிருந்து வந்த சைக்கிள்கள் அவர் கடைக்கு வருமாம். பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கக் கப்பும் ஒரே மாதிரி நேர் மரை, அளவும் மில்லிமீட்டரில். இங்கிலீஷ் வண்டியில் வலது பக்கம் தலைகீழ், அளவு இஞ்சில். எது எந்த ஊர் வண்டி என்று பார்க்காமல் ஸ்பேனர் போட்டால் கூடு வீணாகிவிடும் என்று அப்பா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தாராம். 1954-இல் அவர்கள் போன பிறகும் அந்த வண்டிகள் சில ஓடிக்கொண்டுதான் இருந்தன என்றார். புதுச்சேரியில் ஒரு சைக்கிள் கடைக்கு மட்டும் இருந்த சிக்கல் இது. இப்படி ஒரு விஷயத்தைக் கேட்க இன்னொரு நாள் முழுக்கக்கூட உட்காரலாம்.

கணக்கு: அச்சு 90, கப்பு இரண்டு 80, குண்டு 22-க்கு 30, காட்டர் பின் ஜோடி 40, கிரீஸும் கூலியும் 200. மொத்தம் 440 ரூபாய். பழைய பின்னை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்; ஒரு தடவை அடித்துக் கழற்றிய பின்னைத் திரும்பப் போட்டால் மரை நசுங்கியிருக்கும், முகமும் தேய்ந்திருக்கும், இரண்டு மாதத்தில் வேறு சத்தத்தோடு வருவீர்கள் என்றார். புதுப் பின்னின் சாய்ந்த முகத்தை அரத்தால் ராவி, அச்சின் பள்ளத்தில் உட்காருகிறதா என்று இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்துத்தான் அடித்தார். நட்டைத் திருகிப் பின்னை இழுக்கக் கூடாது, சுத்தியலால் அடித்து உட்கார வைத்த பிறகுதான் நட்டு என்பதையும் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் வாங்க என்றார். கப்பு கழலாமல் ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊற வைத்ததால் மறுநாள் மத்தியானம்தான் வண்டி கிடைத்தது. அதில் தவறில்லை. ஆனால் சொல்லி அனுப்பியிருக்கலாம், பேத்தியை அழைத்து வர அன்றைக்கு ஆட்டோவுக்கு அலைந்தேன். கடையில் போன் நம்பர் கேட்டால் சிரிக்கிறார். பணமாகத்தான் கொடுக்க வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதன் மேலும் டியூப் கிடக்கும். கியர் சைக்கிளில் முழு செட்டாக வரும் பிபி-யைக் கழற்ற அவரிடம் கருவி இல்லை. அதை ஒளிக்காமல் சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். புதுப் பின் ஓட ஓட இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், அப்போது மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்க வேண்டுமாம். வீட்டில் ஒரு கல்யாணம், போக முடியவில்லை. மூன்றாவது வாரம் பேத்தி, "தாத்தா, திரும்ப வருது, ஆனா இது வேற சத்தம்" என்றாள். இந்தத் தடவை நானே பார்த்தேன். இடது மிதி மேலே வந்து இறங்கத் தொடங்கும் அதே இடத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும், தவறாமல். காட்டர் பின்தான். போய்ச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குழாயை முட்டுக் கொடுத்தார், இரண்டு தட்டு, நட்டுக்குக் கால் சுற்று. காசு வாங்கவில்லை.

நான்காவது தடவை எனக்காகப் போகவில்லை. எதிர் வீட்டுப் பையனின் கியர் சைக்கிளில் டக்டக்கென்று சத்தம். அவனை அழைத்துக்கொண்டு போனேன். அதே கேள்விகள். உட்கார்ந்து மிதித்தால் வருகிறது, எழுந்து நின்றால் நின்றுவிடுகிறது. சீட்டுத் தண்டை உருவி, உள்ளே படிந்திருந்த மணலையும் உப்புப் பொருக்கையும் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவிச் சொருகி, சீட்டுக்கு அடியிலிருக்கும் போல்ட்டை இறுக்கினார். கடற்கரைச் சாலையில் தினமும் ஓட்டுகிறான், கடல் காற்றுக்கு அப்படித்தான் ஆகும் என்றார். இருபது ரூபாய்.

காலை எட்டரைக்குத் திறக்கிறார். மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளின் வண்டிகள் வரிசையாக நிற்கும், அன்றைக்குப் போகாதீர்கள். வண்டியை விட்டுவிட்டுக் கிளம்பிவிடவும் வேண்டாம். சத்தம் எப்போது வருகிறது என்று அவர் கேட்பார், தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கச் சொல்வார். ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.